தங்கச்சிக்கு பாரியோவுல போஸ்டிங்: சரவாக் எல்லை மலை, கெலாபிட் ஆளுங்க பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

லயத்துக்காரன்

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன், டவுனுக்கு வெளிய செம்பனைத் தோட்டத்துல இருக்கோம். தங்கச்சி ஆசிரியர் பயிற்சி முடிச்சிருச்சு, இப்ப போஸ்டிங் லெட்டர் வந்துருக்கு. ஜொகூர் இல்லன்னா பஹாங் கெடைக்கும்னு இருந்தோம், வந்தது சரவாக், அதுவும் பாரியோ. மேப்புல தேடிப் பார்த்தா மிரியிலேர்ந்து உள்ள உள்ள போயி இந்தோனேசியா எல்லைய ஒட்டி மலைக்கு நடுவுல கெடக்கு, சுத்தி ஒரே பச்சை, ரோடுன்னு ஒண்ணும் சரியா தெரியல.

அம்மா லெட்டர் வந்ததுலேர்ந்து ஒழுங்கா சாப்பிடறதில்ல. வயசுப் பொண்ணு, குடும்பத்துல மொத மொதல்ல படிச்சு வேலைக்குப் போவுற புள்ள, அது போயி காட்டுல தனியா எப்படி இருக்கும்னு அழுவுறாங்க. பக்கத்து வீட்டு பாட்டி வேற அங்க இருக்குறவங்க எல்லாம் தலைய வெட்டுற ஆளுங்கன்னு சொல்லி இன்னும் பயத்த கெளப்பி விட்டுருச்சு. தங்கச்சி மட்டும் போறேன்னு தெம்பா நிக்குது. எனக்கு அத நிறுத்தி வைக்க மனசில்ல, ஆனா ஒண்ணும் தெரியாம அனுப்பவும் மனசு வரல.

அந்த ஊரு எப்படி, எப்படி போறது, ஆளுங்க எப்படிப் பழகுவாங்க, சாப்பாடு என்ன, குளிரா, உடம்பு முடியலன்னா என்ன பண்றது, இதெல்லாம் நேர்ல பார்த்தவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க. கூகுள்ல வர்றது எல்லாம் டூரிஸ்ட் எழுதுனது, வந்துட்டு போறவங்களுக்கும் அங்கயே இருந்து வேலை செய்யப் போற புள்ளைக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு படிச்சுக் காட்டப் போறேன், அதனால கொஞ்சம் வெவரமா எழுதுங்க.

---

பாரியோ டீச்சர்

தம்பி, மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, நானும் தோட்டத்துப் பொண்ணுதான், தைப்பிங் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி பாரியோவுல வேலை செஞ்சேன். எங்கம்மாவும் இதே மாதிரிதான் அழுதாங்க. நான் அங்கேருந்து மாத்தல் வாங்கிட்டு வந்தப்ப ஏர்போர்ட்ல நான் அழுத அழுகைய பார்த்துட்டு அவங்களே பேசாம ஆயிட்டாங்க.

தலை வெட்டுறது எல்லாம் நம்ம பாட்டிங்க பொறக்குறதுக்கு முன்னாடி நின்னு போன கதை. பாரியோவுல இருக்குறவங்க கெலாபிட். சரவாக்ல இருக்குற இனத்துல ரொம்ப சின்னது, எல்லாரையும் கூட்டுனாலும் சில ஆயிரம் பேருதான், அதுல பாதிக்கு மேல இப்ப மிரியிலயும் கூச்சிங்லயும் வேலை பார்க்குறாங்க. மலையில மிச்சம் இருக்குறவங்கள்ல வயசானவங்க ஜாஸ்தி. கிட்டத்தட்ட எல்லாரும் கிறிஸ்டியன், சிடாங் இன்ஜில் போர்னியோ சபை, ஞாயித்துக்கிழமை வயல்ல ஒரு ஆளப் பார்க்க முடியாது. முன்ன விருந்துன்னா அரிசிக் கள்ளு ஓடுமாம், சபைக்கு வந்தப்புறம் அத அப்படியே விட்டுட்டாங்க. 1973-ல அங்க பெரிய மத எழுச்சி ஒண்ணு நடந்துச்சு, அது ஆரம்பிச்சதே பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்டேர்ந்துதான், இன்னிக்கும் பெரியவங்க அதப் பத்திப் பேசுவாங்க. நான் ஏன் இத சொல்றேன்னா, தண்ணி போட்டுட்டு ஒருத்தன் வாசல்ல வந்து நிப்பான்ங்கிற பயம் நம்ம லயத்துல இருந்த அளவுக்கு எனக்கு அங்க இருந்ததே இல்ல.

படிப்பு விஷயத்துல அவங்ககிட்ட நாமதான் கத்துக்கணும். போர் முடிஞ்ச அடுத்த வருஷம் 1946-லயே பா மாயின்ங்கிற எடத்துல பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க, அப்ப ரோடு கெடையாது, விமானம் கெடையாது, டவுனுக்கு எறங்கணும்னா காட்டுலயும் ஆத்துலயும் வாரக்கணக்கா போகணும். அங்கேர்ந்து வந்தவருதான் மலேசியன் ஏர்லைன்ஸ நடத்திட்டு அப்புறம் மந்திரியா இருந்த இட்ரிஸ் ஜாலா. டாக்டரு, வக்கீலு, லெக்சரர்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஆள் இருக்கு. வீட்டுக்குப் போனா செவுத்துல பட்டமளிப்பு போட்டோ வரிசையா மாட்டி இருக்கும். டீச்சர்னா அவ்வளவு மரியாதை.

போறதுக்கு விமானம்தான். மிரியிலேர்ந்து ட்வின் ஒட்டர், 19 பேரு உக்கார்ற குட்டி பிளேன், ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. பெட்டிய மட்டும் இல்ல, ஆளையும் சேர்த்து தராசுல நிறுத்துவாங்க, வெக்கப்பட வேண்டாம், பிளேன் சின்னது, எடை கணக்கு ரொம்ப முக்கியம். பெட்டிக்கு 10 கிலோவ ஒட்டித்தான் விடுவாங்க, டிக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்துக்கோங்க. பருப்பு, மசாலா, கடுகு, புளி இதெல்லாம் மொத தடவ போவும்போதே எடுத்துட்டுப் போகட்டும், அங்க கடையில கெடைக்காது. துணி கம்மியா போதும், ஆனா ஒரு நல்ல ஸ்வெட்டர் வேணும், ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்குற ஊரு, ராத்திரி 20 டிகிரிக்குக் கீழ போயிடும், விடியக்காலையில குளிக்க தண்ணியத் தொட முடியாது.

லாரி ரோடும் இருக்கு, மரம் வெட்டுற கம்பெனிங்க போட்டது. ஃபோர்வீல்ல 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், மழை பேஞ்சா அதுவும் சொல்ல முடியாது. தங்கச்சி தனியா அதுல போக வேண்டாம். பள்ளிக்கூட சாமான் வர்ற காடி இருக்கும், பெரிய பெட்டிங்கள அதுல ஏத்தி விடலாம்.

எறங்குன ஒடனே என்ன தெரியும்னு சொல்றேன். பிளேன் தாமா அபு மலைத்தொடரத் தாண்டும்போது கீழ வெறும் காடு, மேகம், வேற ஒண்ணும் இல்ல, திடீர்னு மலைக்கு நடுவுல தட்டையா ஒரு சமவெளி தொறக்கும், அது முழுக்க நெல்லு வயலு. எருமைங்க, மீன் கொளம், அங்கங்க தகரக் கூரை, நடுவுல ரன்வே. நமக்கு நெல்லுன்னா கெடா, பெர்லிஸ் பக்கம் வெயிலடிக்கிற வயல்தான ஞாபகம் வரும், இங்க வயல் முடியுற எடத்துல காடு செவுரா எழும்பி நிக்கும், காலையில பாதி மலை பனிமூட்டத்துல இருக்காது.

அந்த அரிசிதான் பாரியோ அரிசி. வருஷத்துக்கு ஒரு போகம்தான் பண்றாங்க, நாத்து விட்டதுலேர்ந்து அறுப்பு வரைக்கும் ஆறு மாசம் கிட்ட ஆகும், மணி சின்னதா மெல்லிசா இருக்கும், வடிச்சா மெத்துன்னு வாசமா இருக்கும். புவியியல் குறியீடு வாங்கி வச்சிருக்காங்க, கண்ட அரிசிக்கு அந்த பேர போட முடியாது. அறுப்பு வருஷ ஆரம்பத்துல வர்றதால நம்ம பொங்கல ஒட்டி புது அரிசி கெடைச்சிடும். குவார்ட்டர்ஸ்ல கேஸ் அடுப்புல அந்த அரிசியப் போட்டு சர்க்கரைப் பொங்கல் வச்சேன், பக்கத்து வீட்டு கெலாபிட் அக்கா குடுத்த அரிசிதான், முந்திரி இல்ல ஏலக்கா இல்ல, இருந்தாலும் அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது. அக்கா வீட்டுக்கு ஒரு கிண்ணம் குடுத்தேன், மறுநாள் அதே கிண்ணத்துல அன்னாசி வெட்டி வந்துச்சு. பாரியோ அன்னாசி சாப்பிட்டா வேற ஊரு அன்னாசி புடிக்காது.

சாப்பாட்டுல ஒரு விஷயம். கறி நெறைய சாப்பிடுவாங்க, காட்டுப்பன்னி, மான், எருமை. நம்ம மாட்டுக்கறி சாப்பிடறதில்லன்னு மொத நாளே சொல்லிடச் சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் தனியா மீனும் கீரையும் வச்சிருப்பாங்க. காட்டுக் கீரை, பாக்குன்னு சொல்ற பெரணிக் கீரை, மூங்கில் குருத்து, பூசணி எல்லாம் தாராளம். சோத்த நல்லா கொழைய மசிச்சு எலையில கட்டி வைப்பாங்க, நூபா லாயான்னு பேரு, காய்ச்சல் வந்து படுத்தப்ப எனக்கு அததான் கொண்டாந்து குடுத்தாங்க.

உடம்பு முடியலன்னா ஊர்லயே கிளினிக் இருக்கு. பெருசா ஏதாச்சும்னா மிரிக்கு ஏத்திடுவாங்க, அவசரம்னா ஹெலிகாப்டர். மேகம் எறங்கிட்டா பிளேன் வராது, அது ஒண்ணுதான் கஷ்டம், அதனால எப்ப எறங்குனாலும் மிரியிலேர்ந்து கோலாலம்பூர் டிக்கெட்ட அதே நாளுக்கு போடாதீங்க.

இன்னொண்ணு, இத யாரும் டீச்சருங்களுக்கு சொல்லித் தர்றதில்ல. கெலாபிட் ஆளுங்களுக்கு மொத புள்ள பொறந்தா அப்பா அம்மா பேரையே மாத்திடுவாங்க. பேரப்புள்ள வந்தா தாத்தா பாட்டிக்கு மறுபடியும் புதுப் பேரு. அதுக்குன்னு ஈராவ் விருந்து வச்சு ஊரக் கூப்பிட்டு, கறி சோறு போட்டு, எல்லார் முன்னாடியும் பேர சொல்லுவாங்க. அதனால ரெஜிஸ்டர்ல அப்பா பேரு ஒண்ணு இருக்கும், ஊருக்குள்ள அவர கூப்பிடற பேரு வேற. அந்த பெரிய மனுஷர பழைய பேரச் சொல்லி கூப்பிட்டா மரியாதையா இருக்காது. தங்கச்சி ஒரு நோட்டுல ஒவ்வொரு புள்ளைக்கும் நேரா வீட்டுல இப்ப வழங்குற பேர எழுதி வச்சுக்கட்டும். நான் அப்படித்தான் செஞ்சேன், அதுலேர்ந்து பெத்தவங்க என்கிட்ட பழகுன விதமே வேற.

---

ரெஞ்சர் அங்கிள்

தம்பி நானும் சுங்கை சிப்புட்தான், ரெஞ்சர் ரெஜிமென்ட்ல இருந்து பென்சன் வாங்குனவன், சரவாக் எல்லையில டியூட்டி பார்த்திருக்கேன். டீச்சரம்மா சொன்னது எல்லாம் சரி. நான் எல்லையப் பத்தி கொஞ்சம் சொல்றேன், ஏன்னா அம்மா எல்லைன்னு கேட்டா சண்டை நடக்குற எடம்னு நெனப்பாங்க.

அந்த எல்லை 1891-ல பிரிட்டிஷ்காரனும் டச்சுக்காரனும் பேசி போட்ட கோடு. மலை முகடு எங்க தண்ணியப் பிரிக்குதோ அதுதான் எல்லை, இந்தப் பக்கம் ஓடுற தண்ணி சரவாக்குக்கு, அந்தப் பக்கம் ஓடுறது இந்தோனேசியாவோட கலிமந்தானுக்கு. பாராம் ஆறு தலையெடுக்குறதும் இந்த மலைங்கள்லதான். காகிதத்துல தண்ணிய பிரிச்சாங்க, ஆனா ரெண்டு பக்கமும் இருக்குறது ஒரே சனம், கெலாபிட், லுன் பாவாங், அந்தப் பக்கம் லுன் டாயேன்னு சொல்வாங்க, கல்யாணம் கட்டிக் குடுத்திருப்பான், அண்ணன் இங்க தம்பி அங்க. எல்லைக்கு அந்தாண்ட கிராயான் பக்கத்து ஆளுங்களுக்கு அவங்க நாட்டு டவுனுக்குப் போறத விட நம்ம பக்கம் வர்றது சுலபம், அரிசிய சுமந்துட்டு நம்ம பக்கத்து பாகெலாலான் ஊருக்கு வந்து வித்துட்டு சீனி எண்ணெய் வாங்கிட்டுப் போவாங்க. ரோந்து போவும்போது நாங்க அவங்கள பார்த்தா உக்கார வச்சு கோப்பி குடுப்போம், அவங்க எங்களுக்கு வழி சொல்லுவாங்க. வழின்னா எந்த ஓடையில இன்னிக்கு தண்ணி ஏறும், எந்த எறக்கத்துல அட்டை ஜாஸ்தி, அது வரைக்கும்.

சண்டைய அந்த சனம் பார்த்திருக்கு, அத மறைக்க வேண்டாம். 1945 மார்ச் 25-ம் தேதி டாம் ஹாரிசன்னு ஒரு வெள்ளைக்காரர், ஆஸ்திரேலியாவோட ரகசியப் படையான இசட் ஸ்பெஷல்ல இருந்தவரு, ஒரு சின்னக் குழுவோட பாரியோ சமவெளியில பாராசூட்டுல குதிச்சாரு, ஜப்பான்காரனுக்குப் பின்னாடி நின்னு சண்டை போட. அவங்கள கொண்டாந்து போட்ட விமானங்கள்ல ஒண்ணு திரும்பிப் போறப்ப காணாமயே போச்சு. கெலாபிட் பெரியவங்க கூடிப் பேசி இவங்களுக்கு ஒதவுறதுன்னு முடிவெடுத்தாங்க, அந்த முடிவுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு யோசிங்க, ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சா ஊரே எரிஞ்சிருக்கும். கிராயான் பக்கம் பெலாவிட்ல குட்டி விமானம் எறங்க ரன்வே வேணும்னப்ப, ஊரே தெரண்டு மூங்கில பொளந்து விரிச்சு தரையப் போட்டாங்க. அதுல விமானம் எறங்குச்சு, காட்டுல ஒளிஞ்சிருந்த அமெரிக்க விமானிங்கள ஏத்திட்டும் போச்சு. சிமெண்ட் இல்ல, மிஷின் இல்ல.

அப்புறம் 1963-லேர்ந்து 66 வரைக்கும் கொன்ஃப்ரன்டாசி, மலேசியா உருவானத எதுத்து இந்தோனேசியா நடத்துன எல்லைச் சண்டை. எல்லைய ஒட்டி இருந்த கம்பத்து (கிராமத்து) ஆளுங்கள அரசாங்கம் பாரியோ சமவெளிக்கு எறக்கி குடி வச்சுது. பாட்டன் பூட்டன் வயல விட்டுட்டு வந்து, இருக்குற கொஞ்ச எடத்துல பங்கு போட்டு உக்காந்தாங்க. இன்னிக்கு பாரியோவுல இத்தன நீளவீடு (பல குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ இருக்குற வீடு) கிட்ட கிட்ட இருக்குன்னா அதுக்கு அதுவும் ஒரு காரணம். தோட்டம் துண்டாடி வித்தப்ப நம்ம ஆளுங்க பொழப்புத் தேடி எங்கெங்கயோ போனதப் பார்த்தவன் நான், அதனால அந்த பெரியவங்க பழைய ஊரு பேர சொல்லி பேசறப்ப எனக்கு மனசு கனத்துப் போவும்.

இப்ப ராணுவ முகாம் இருக்கு, ஊரு அமைதி. அம்மா தைரியமா அனுப்பலாம். நான் சொன்னேன்னு சொல்லுங்க, வேணும்னா வீட்டுக்கு வந்து பேசுறேன்.

---

காடு நடக்குறவன்

அண்ணே, நான் ஈப்போ. லீவு கெடச்சா சரவாக் பக்கம் நடக்கப் போயிடுவேன், அந்த வகையில சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, நம்ம ஊரு ஆளுங்க நெறைய பேரு லாசா பக்கத்துலேர்ந்து எறங்கி வர்ற தெமியார் மக்களையும் கெலாபிட் மாதிரி சரவாக் உள்நாட்டு சனமான ஓராங் உலுவையும் ஒண்ணா போட்டு பேசுவாங்க. ரெண்டும் வேற வேற. மொழிக் குடும்பமே வேற, தெமியார் பேசறது ஆஸ்ட்ரோஆசிய மொழி, கெலாபிட் ஆஸ்ட்ரோனேசியம். கெலாபிட் காலங்காலமா தண்ணி கட்டி நெல்லு போட்ட சனம், அவங்களுக்கு பக்கத்துலயே காட்டுல நாடோடியா வாழ்ந்த பெனான் இன்னொரு சனம். பெனான் புள்ளைங்களும் தங்கச்சி கிளாஸ்ல இருக்கலாம். 1987-லேர்ந்து பாராம் பக்கம் மரம் வெட்டுற ரோட்ட மறிச்சு நின்னாங்களே, அது பெரும்பாலும் பெனான்தான். காடு போயிட்டா அவங்களுக்கு சாப்பாட்டுக்கு சாகோ இல்ல, வேட்டை இல்ல, ஒண்ணுமே இல்ல. அந்தப் புள்ளைங்க கிளாஸ்ல பேசாம உக்காந்திருந்தா மந்தம்னு நெனச்சிட வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க. மலாய் அவங்களுக்கு ரெண்டாவது மொழி கூட இல்ல, மூணாவதா இருக்கும்.

இப்ப ஊரு. தங்கச்சி லீவு நாள்ல ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்காம நடக்கட்டும், ஆனா உள்ளூர் ஆள் இல்லாம காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கிட்டத்துல பிரேயர் மவுண்டன் இருக்கு, உச்சியில சிலுவை நட்டு வச்சிருப்பாங்க, ஏத்தம் செங்குத்தா இருக்கும், கயிறு புடிச்சு ஏறணும், மேல போனா சமவெளி மொத்தமும் தெரியும்.

பா உமோர் பக்கம் உப்புக் கெணறு இருக்கு, அத கண்டிப்பா பார்க்கணும். கடலுக்கு இவ்வளவு தூரத்துல மலைக்கு நடுவுல தரையிலேர்ந்து உப்புத்தண்ணி ஊறுது. மேல கொட்டாய், கீழ நீளமா அடுப்பு, பெரிய தகர பாத்திரத்துல அந்த தண்ணிய ஊத்தி வெறகு போட்டு ராத்திரி பகலா காய்ச்சுறாங்க. பொகையில கண்ணு எரியும். தண்ணி சுண்டச் சுண்ட ஓரத்துல சாம்பல் நெறத்துல பூத்து வரும், அத வழிச்சு மூங்கில் குழாயில திணிச்சு நெருப்புல போடுவாங்க, மூங்கில் கருகி உரிஞ்சதும் உள்ள கெட்டியான உப்புக் கட்டி, அத எலையில சுத்திக் கட்டுனா வேலை முடிஞ்சுது. வெறகு வெட்டுறதுலேர்ந்து சுமக்குறது வரைக்கும் எல்லாம் கை வேலை. நான் போனப்ப அங்க இருந்த ஐயா ஒரு துளி எடுத்து உள்ளங்கையில வச்சாரு, கடல் உப்பு மாதிரி காரமா இல்ல, கடைசியில லேசா ஒரு இனிப்பு. அந்த வேலைய செய்ய எளவயசு ஆளுங்க கொறைஞ்சுட்டே வர்றாங்க, பள்ளிக்கூடமே புள்ளைங்கள கூட்டிட்டுப் போயி அங்க ஒரு நாள் வேலை செய்ய வச்சா எவ்வளவு நல்லா இருக்கும், அறிவியல் பாடமும் ஆச்சு.

அந்தப் பக்கமே செதுக்குன பாறைங்களும் இருக்கு. பெரிய மனுஷங்க செத்தா அவங்க ஞாபகமா கல்லு நட்டாங்க, கல்ல மலையா குவிச்சாங்க, சில எடத்துல மலை முகட்டையே வெட்டி பள்ளம் பண்ணி வச்சிருக்காங்க, தூரத்துலேர்ந்தே தெரியும். மதம் மாறுனப்புறம் அந்த வழக்கம் நின்னுருச்சு, கல்லு மட்டும் இருக்கு. உள்ளூர் ஆள் சொல்லாட்டி நாம சாதாரண பாறைன்னு தாண்டிப் போயிடுவோம்.

இன்னும் தூரம்னா முருட் மலை, 2,424 மீட்டர், சரவாக்ல அதுக்கு மேல ஒசரம் இல்ல. பாத்து லாவிங்கிற மலை ரெட்டக் கொம்பா நிக்கும், போர் சமயத்துல விமானிங்க அத வச்சுத்தான் வழி கண்டுபுடிச்சாங்க. ரெண்டும் இப்ப புலோங் தாவ் தேசியப் பூங்காவுக்குள்ள, 2005-ல அறிவிச்சது. அதுக்கெல்லாம் நாள் கணக்கா நடக்கணும், மொத வருஷம் வேண்டாம். ஊர சுத்தியே வெள்ள மணல் காடு இருக்கு, மரமெல்லாம் குட்டையா ஒல்லியா நிக்கும், தரையில குடுவைச் செடியும் ஆர்க்கிடும். மண்ணுல சத்து இல்லாததால அந்த செடி பூச்சியப் புடிச்சு தின்னு பொழைக்குது.

கடைசியா ஒண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். காது தொங்கத் தொங்க பித்தள வளையம் போட்ட பாட்டிங்க இன்னும் சில பேரு இருக்காங்க, பழைய மணியில கோத்த தொப்பிய விருந்துக்கு போட்டுக்குவாங்க, அந்த மணி தலைமுறை தலைமுறையா வர்ற சொத்து, முன்ன அதுக்கு எருமைய குடுத்து வாங்குவாங்களாம். வர்றவன் எல்லாம் கேக்காம கூட மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுறான். நம்ம லயத்து வாசல்ல எவனோ வந்து நின்னு, கொண்டை போட்டு வெத்தல இடிக்கிற நம்ம பாட்டிய கேக்காம போட்டோ எடுத்துட்டுப் போனா நாம சும்மா இருப்போமா? தங்கச்சி அங்க இருக்கப் போற ஆளு. மொதல்ல உக்காந்து பேசட்டும், அடுப்புல வெறகு தள்ளட்டும். பாரியோ அசால் நீளவீட்டுல ஒரே நீளக் கூடத்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அடுப்பு வரிசையா இருக்கும், மேல பரண்ல வெறகும் கறியும் காயும், சாயந்திரம் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. அங்க போயி உக்காந்தா போதும். போட்டோவ அவங்களே எடுன்னு சொல்லுவாங்க.

---

லயத்துக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுசா படிச்சுக் காட்டுனேன், அங்கிள் பேர பார்த்துட்டு இவரு நம்ம டவுன் ஆளான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அங்கிள், முடிஞ்சா கண்டிப்பா வீட்டுக்கு வாங்க. தங்கச்சி அந்த பேரு எழுதுற நோட்ட இப்பவே வாங்கிருச்சு.

டீச்சர், இன்னும் கொஞ்சம் கேக்கணும். தீபாவளிக்கு வர முடியுமா? அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போயி காட்டுனா அவங்க மனசு ஆறும்னு தோணுது, பாஸ்போர்ட் வேணுமா, எப்ப போனா நல்லது? போன் லைன் எப்படி?

---

பாரியோ டீச்சர்

தம்பி, தீபாவளி விஷயத்த இப்பவே மனசுல வச்சுக்கோங்க. நாடு முழுக்க லீவு, சரவாக்ல மட்டும் தீபாவளிக்கு பொது விடுமுறை கெடையாது. தங்கச்சி தலைமையாசிரியர்கிட்ட முன்னாடியே சொல்லி லீவு எழுதிக் குடுக்கணும், கடைசி நேரத்துல கேட்டா பிளேன்லயும் சீட்டு இருக்காது. எனக்கு ஒரு வருஷம் வர முடியல. ஸ்டாப் ரூம்ல முறுக்கு மாவு பெசஞ்சு நாங்களே சுட்டோம், ஹாஸ்டல் புள்ளைங்க தட்டத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. அங்க பெரிய லீவு ஜூன் மொத தேதி காவாய் பண்டிகைக்குத்தான்.

அம்மாவ கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. பாஸ்போர்ட் கட்டாயம் இல்ல, மைகாட் (அடையாள கார்டு) போதும், மிரியில எறங்கும்போது இமிகிரேஷன்ல 90 நாளைக்கு ஒரு சீட்டு குடுப்பாங்க, சும்மா பார்க்கப் போறவங்களுக்கு அது போதும், அத தொலைக்காம வச்சிருந்து திரும்பும்போது காட்டணும். ஜூலையில பெஸ்தா நுகெனென் நடக்கும், 2006-லேர்ந்து நடத்துறாங்க, ஒவ்வொரு கம்பமும் அவங்கவங்க சாப்பாட்ட கொண்டாந்து வைப்பாங்க, பாட்டு ஆட்டம் எல்லாம் இருக்கும், அம்மாவுக்கு ஊரையும் ஆளுங்களையும் ஒரே எடத்துல பார்த்த மாதிரி ஆகும். ஆனா அப்ப கூட்டம், பிளேன் சீட்டு பல மாசத்துக்கு முன்னாடியே போயிடும். அம்மாவுக்கு கூட்டம் ஒத்துக்காதுன்னா அறுப்பு சமயத்துல போங்க, வயல்ல வேலை செய்யறத பார்த்தா தோட்டத்துல வேலை செஞ்ச கை சும்மா நிக்காது, அவங்களும் எறங்கிடுவாங்க. பாஷை தெரியலன்னு கவலப்பட வேண்டாம், நம்ம அம்மாங்க பேசற பாசார் மலாயே அங்க தாராளமா ஓடும்.

போன் இருக்கு, நெட்டும் இருக்கு. இந்த மாதிரி உள்காட்டு ஊருங்கள்ல நெட் அரிதா இருந்த காலத்துலயே யுனிமாஸ் (சரவாக் பல்கலைக்கழகம்) ஆளுங்க ஊரோட சேர்ந்து சாட்டலைட் வச்சு ஈபாரியோன்னு இன்டர்நெட் கொண்டாந்தாங்க, ஊருக்குன்னு சொந்த ரேடியோ கூட 2011-ல ஆரம்பிச்சாங்க. ஆனா மழை, மேகம்னா லைன் போயிடும், கரண்டும் சோலார நம்பித்தான். ஒரு நாள் போன் வரலன்னா அம்மா பயப்படக் கூடாது, அத இப்பவே சொல்லி வைங்க. நல்ல பவர் பேங்க் ஒண்ணும் டார்ச்லைட்டும் வாங்கிக் குடுங்க.

பெடலாமான் அலவன்ஸ் (உள்காட்டுப் பள்ளியில வேலை செய்யறவங்களுக்கு குடுக்குற காசு) மூணு தரமா இருக்கு, எந்த தரம்னு பள்ளி ஆபீஸ்ல கேட்டு மொத மாசமே பாரம் குடுத்துட சொல்லுங்க, லேட்டா குடுத்தா காசு வர்றதும் லேட்டாகும். பூட்ஸ் வேண்டாம், கம்பங் அடிடாஸ்னு சொல்ற கருப்பு ரப்பர் சப்பாத்து இருக்கே, பால் மரம் வெட்டுறவங்க போடுவாங்களே, அதுதான் சேத்துக்கும் அட்டைக்கும் நல்லது, சுங்கை சிப்புட் பாசார்லயே கெடைக்கும், ரெண்டு ஜோடி வாங்கிடுங்க. தங்கச்சி மிரிக்கு எந்த தேதியில எறங்குதுன்னு தெரிஞ்சதும் எனக்கு தனி மெசேஜ் போடுங்க, என்கூட வேலை செஞ்ச டீச்சர் ஒருத்தங்க இப்ப மிரியில இருக்காங்க, மொத ராத்திரி அவங்க வீட்டுல தங்கிக்கிட்டு காலையில பிளேன் புடிக்கட்டும்.

---

ரெஞ்சர் அங்கிள்

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வர்றேன் தம்பி. அம்மாகிட்ட டீ மட்டும் போதும்னு சொல்லுங்க. வீடு எந்த லயம்னு மெசேஜ்ல போடுங்க.